விருந்தாளி தங்காமல் போன வீடு

அறுபத்தொன்பதாவது வயதில் நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்தேன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு, மதுரை கே.கே. நகர் வீட்டில் காலைப் பேப்பரைப் படித்து முடித்தால் அன்றைய வேலை முடிந்துவிடும். நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக். அதன் மாடியில் அந்த நிறுவனம். கடலுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் இலங்கையிலும் உள்ள சிறு உற்பத்தியாளர்களைச் சேர்த்து வைத்துத் தொழில் செய்ய உதவுவது, அந்தத் தொழில் வழியாக இரண்டு கரைக்கும் இடையில் நல்லுறவை வளர்ப்பது, இதுதான் அவர்கள் வேலை. ஒருநாள் படியேறிப் போய், சம்பளம் வேண்டாம், ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டேன். சம்பளம் இல்லாமல் ஆறு மாதம் வேலை பார்ப்பவர்களுக்கு அவர்களிடம் இருந்த ஒரே பெயர் இன்டர்ன். அந்தப் பெயரையே எனக்கும் கொடுத்து, கழுத்தில் மாட்ட ஒரு அடையாள அட்டையும் கொடுத்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் முப்பது வயதுப் பெண். என் மாணவிகளுக்கு மாணவியாக இருக்கக்கூடிய வயது. "சார், எங்க ஆபீஸ்ல இருக்கிற சின்னப் பையன் நீங்கதான்" என்று சொல்லிச் சிரித்தார். என் மனைவியின் தம்பிதான் விடவில்லை. அட்டையோடு என்னைப் பார்த்த அன்று, "என்ன மச்சான், மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கக் கத்துக்கப் போற பய மாதிரிக் கழுத்துல பட்டை? பென்ஷனைப் பிடுங்கிட்டாங்களா?" என்றான். அவன் கேலி எனக்கு உறைக்கவில்லை. பல வருடம் கழித்து, காலையில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட ஒரு காரணம் கிடைத்திருந்தது.

நான் சேர்ந்தபோது அங்கே எல்லோருடைய கவனமும் ஒரு கஞ்சி மாவின் மேல் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் மதுரையை ஒட்டிய பரவைக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தில் முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கி விற்கும் பெண்கள் குழுவின் தலைவி. நாற்பது வயதைத் தாண்டியவர்; கணவர் லாரி ஓட்டுபவர். மற்றவர் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நடத்துபவர். அங்கே பனங்கிழங்கைக் காயவைத்து இடித்து ஒடியல் மா என்று ஒரு மாவு செய்கிறார்கள். அந்த மாவையும் இந்தப் பொடியையும் கலந்து ஒரு கஞ்சி மாவு செய்து, வெளிநாடுகளில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரே பெட்டியில், இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டு விற்க வேண்டும் என்பது திட்டம். அலுவலகத்தில் கிளிநொச்சிப் பெண்மணியை எல்லோரும் 'கிளிநொச்சி அக்கா' என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். பேச்சு என்றால் வெறும் பேச்சு இல்லை. இங்கே ஒரு அடுப்பு, அங்கே ஒரு அடுப்பு, இரண்டிலும் ஒரே நேரத்தில் கஞ்சி கொதிக்கும். குறிப்பெடுப்பது என் வேலை; அதனால் நானும் அந்த அழைப்பில் ஒரு மூலையில் இருப்பேன்.

"அக்கா, எம்புட்டு மாவு போட்டீங்க?"

"ரெண்டு அகப்பைதான் போட்டனான்."

"நானும் அம்புட்டுத்தான் போட்டேன். எனக்குக் களி மாதிரி வந்துருச்சே. இதை வச்சுச் செவுத்துல சுண்ணாம்பா அடிக்கலாம்."

"நீங்கள் கதைச்சுக் கதைச்சு அடுப்பைக் கூட்டிப் போட்டியள் தங்கச்சி. சேர், நீங்களாவது இவவுக்குச் சொல்லுங்கோவன்."

நான் சொல்வதற்குள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒடியலின் கசப்பு போக மாவை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதில் ஆரம்பித்து, பேச்சு பிள்ளைகளின் படிப்பு, மூட்டு வலி, புருஷன்மார் என்று போகும். கிளிநொச்சி அக்காவுக்குப் புருஷன் இல்லை. கடைசிப் போரில் கணவரையும் ஒரு காலையும் இழந்தவர். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சிறுமியாக இருந்தபோது மதுரைக்கு வெளியே ஓர் அகதி முகாமில் சில வருடம் இருந்தவர் என்பதையும் அந்த அழைப்புகளில்தான் தெரிந்துகொண்டேன். "அங்க வந்தா உங்கட வீட்டிலதான் நிப்பன். லொட்ஜ் கிட்ஜ் எண்டு என்னைக் கொண்டுபோய் விடப்படாது" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்வார். "நீங்க வேற எங்கயாச்சும் தங்குனா நான் பேசவே மாட்டேன்க்கா" என்று இவர் சொல்வார்.

குழுத் தலைவியைப் பற்றி நான் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவருடைய ஊர்தான் என் ஊரும். எங்கள் குடும்பம் தலைமுறைகளாக அங்கே நிலம் வைத்து விவசாயம் செய்த குடும்பம். அவருடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் வயலில் கூலிக்கு வந்தவர்கள். அவர்கள் குடியிருப்பு ஊருக்குக் கிழக்கே, தள்ளி இருக்கிறது. காலனி என்று சொல்வோம். இப்போது அவருக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது, முருங்கை போட்டிருக்கிறார். என் அப்பாவை அவர் அம்மா 'ஐயா' என்று கூப்பிட்டதை நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். இவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டார். முதல் நாள் அதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதையே இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கிளிநொச்சி அக்கா நான்கு நாள் பயணமாக மதுரைக்கு வருவது முடிவானது. வந்தால் பரவைக் காய்கறிச் சந்தையின் வியாபாரிகள் சங்கத்தோடு ஒரு கூட்டம். முருங்கையை உலர்த்தவும் பெட்டிகளை அடுக்கவும் அவர்கள் கிடங்கில் இடம் தருவதாகப் பேச்சு. இடம் கிடைத்தால்தான் முதல் ஆர்டரை அனுப்ப முடியும். விருந்தாளியை அழைத்து வருவது, தங்கவைப்பது, வண்டி ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. ஊரும் சந்தையும் எனக்குத் தெரியும் என்பதால் ஒருங்கிணைப்பாளர் நம்பி ஒப்படைத்தார்.

முன்பும் சில தடவை போயிருந்த குழுத் தலைவி வீட்டுக்கு இதற்காகவும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அரசு கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு, இரண்டு அறை. ஓர் அறையை விருந்தாளிக்கென்று ஒழித்து வெள்ளையடித்திருந்தார்கள். பின்பக்கம் கொத்தனார் வேலை நடந்துகொண்டிருந்தது. "அக்காவால குத்தவச்சு உக்கார முடியாதுல்ல சார். அதான் வெஸ்டர்ன் வைக்கச் சொல்லிட்டேன். செவுத்துல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பியும் போடச் சொல்லிருக்கேன்" என்றார். கம்பி எந்த உயரத்தில் வர வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை அழைப்பில் சுற்றி வளைத்து அக்காவின் உயரத்தைக் கேட்டிருக்கிறார், எதற்கென்று சொல்லவில்லையாம். வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று ஆசை.

பயணத்துக்குச் சில நாள் முன்பு என் சித்தப்பா மகன் வீட்டுக்கு வந்தான். சந்தைச் சங்கத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான். என்னைவிடப் பத்து வயது இளையவன். சிறுவயதில் அவனை சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவன் நான். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை வெங்காய விலை பேசினான். பிறகு ஆரம்பித்தான்.

"அண்ணே, அந்தச் சிலோன்காரம்மா எங்க தங்குது?"

சொன்னேன்.

"அதான் கேள்விப்பட்டேன். நல்லாவா இருக்கு?"

"ஏன், என்ன?"

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலண்ணே. கூட்டத்துல அந்தக் குழுத் தலைவி பேசட்டும், நல்லாத்தான் பேசும். நானே கை தட்டுறேன். ஆனா வெளிநாட்டுல இருந்து நம்ம ஊருக்கு ஒரு ஆளு வந்து காலனில தங்கிட்டுப் போச்சுன்னா, நம்ம ஊர்ல வேற வீடே இல்லையான்னு கேக்க மாட்டானா? நாளைக்கு அந்தம்மாவை நம்ம வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுறது எப்படி?"

"கூப்பிட்டா வருவாங்க."

"அவங்க வருவாங்கண்ணே. நம்ம வீட்டுப் பொம்பளைக எலை போடணும்ல?"

அவன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நம்ம வீட்டு மாடி சும்மாதான் கெடக்கு. பாத்ரூம் எல்லாம் புதுசு. நீங்க பாத்துச் செய்யுங்க. இல்லேன்னா கூட்டத்துக்கு எம்புட்டுப் பேரு வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றான்.

"பார்க்கிறேன்" என்றேன்.

அவனுக்குப் பயந்துதான் அப்படிச் செய்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். கிடங்கு கிடைக்காவிட்டால் ஆர்டர் போய்விடும், நாற்பது குடும்பத்துக்கு நஷ்டம், நான்கு நாள் யார் எங்கே படுத்தால் என்ன என்று கணக்குப் பார்த்ததாகவும் சொல்லிக்கொண்டேன். கணக்கு சரிதான். ஆனால் அவன் படியிறங்கிப் போனபோது என் மனதில் இருந்தது கவலை இல்லை, நிம்மதி. அந்த நான்கு நாளும் விருந்தாளியோடு நானும் அந்த வீட்டில் உட்கார வேண்டியிருக்கும், சாப்பிட வேண்டியிருக்கும் என்ற எண்ணம் எனக்குள் முன்பே எங்கோ நெருடிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் வந்து அதை எடுத்துவிட்டான்.

படித்தவன் பொய் சொல்லும்போது அதைச் சட்டமாக மாற்றித்தான் சொல்கிறான். குழுத் தலைவிக்குப் போன் செய்து, வகுப்பில் பேசும் அதே குரலில் பேசினேன்.

"வெளிநாட்டுக்காரங்க ஒரு வீட்ல தங்கினா போலீஸ்ல பதியணும்மா. அதுக்குப் பட்டா, வீட்டு வரி எல்லாம் தங்கவைக்கிறவங்க பேர்லயே இருக்கணுமாம்."

அவர் வீட்டுப் பட்டா இறந்துபோன மாமனார் பெயரில் இருப்பது எனக்குத் தெரியும். மாற்றித்தர அலைக்கழிக்கிறார்கள் என்று அவரே ஒருமுறை என்னிடம் சொல்லி வழி கேட்டிருந்தார்.

"மாமா பேர்லதான சார் இருக்கு... வி.ஏ.ஓ.வைப் பாத்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வரட்டா? காலைல போனா பிடிச்சுரலாம்."

"அதெல்லாம் செல்லாதும்மா. நேரமும் இல்ல."

பிறகு, "டாய்லெட் வேலை நேத்துத்தான் சார் முடிஞ்சுச்சு" என்றார்.

"பரவாயில்ல, உங்களுக்கும் உதவும்ல" என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ தவறான வார்த்தை சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் என் காது திரும்பத் திரும்பக் கேட்கிறது.

ஒருங்கிணைப்பாளரிடம் வேறு மாதிரி சொன்னேன். அவர்கள் வீட்டில் ஏதோ அசௌகரியம், வெளியில் சொல்லச் சங்கடப்படுகிறார்கள், கேட்டால் வருத்தப்படுவார்கள், விட்டுவிடலாம் என்றேன். அவர் நாசூக்கான பெண். கேட்கவில்லை. அதையே கிளிநொச்சி அக்காவுக்கும் ஒரு செய்தியாக அனுப்பிவிட்டார். அக்கா அப்போது கொழும்புக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

விமான நிலையத்துக்குக் குழுத் தலைவி மல்லிகைச் சரத்தோடு வந்திருந்தார். கண்ணாடிக் கதவு திறந்து அக்கா வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். போனில் மட்டுமே பார்த்த முகங்கள். இரண்டு பேரும் அழுதார்கள். ஒருங்கிணைப்பாளர் வண்டியைக் கூப்பிடப் போயிருந்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் பக்கத்தில் நின்றேன்.

"மன்னிச்சுக்கங்கக்கா. நம்ம வீட்ல தங்க முடியாமப் போச்சு. போலீஸ்ல பதியணுமாம், ரொம்பக் கெடுபிடியாம்" என்றார் இவர்.

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். முந்தின நாள் கிடைத்த செய்தியில் வீட்டு அசௌகரியம், இப்போது போலீஸ். அவர் பிடித்திருந்த கை தளர்ந்தது. "விளங்குது தங்கச்சி. என்னால உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்றார். சின்ன வயதில் முகாமில் வரிசையில் நின்று பெயர் கொடுத்தவர். வெளியே வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடமெல்லாம் போலீஸ் வரும் என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்களை அவருடைய அம்மாவின் இடுப்புப் பக்கம் நின்று பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருமுறை இதைச் சொல்லியிருக்கிறார். நானும் குறித்து வைத்திருக்கிறேன். அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வண்டி வந்துவிட்டது, ஏறுங்கள் என்றேன்.

சித்தப்பா மகன் வீட்டில் உபசாரத்துக்குக் குறைவில்லை. ஆட்டுக்கறி, கோழி, அயிரை மீன் என்று இலை நிறைந்திருந்தது. அக்கா கொஞ்சமாகச் சாப்பிட்டார். "தங்கச்சியின்ர வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சித்தப்பா மகனின் மனைவி கையைப் பொதுவாகக் கிழக்கே காட்டி, "அது அந்தப் பக்கம், தூரம்" என்றார். மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது. பிறகு அக்கா மாடி அறைக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். இரண்டு கால்களையும் ஒரே படியில் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படி. "லிஃப்ட் வைக்கணும்னு பிளான்ல இருந்துச்சு" என்று சித்தப்பா மகன் என்னிடம் சொன்னான்.

மறுநாள் பரவைக் கூட்டம் நன்றாக நடந்தது. அவன் சொன்னபடி எல்லா வியாபாரிகளும் வந்தார்கள்; கிடங்கில் இடம் தரச் சம்மதித்தார்கள். கூட்டத்தின் நடுவே இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக் காட்ட வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. மாதக்கணக்கில் இரண்டு பேரும் காத்திருந்தது அதற்குத்தான்.

"நீங்க கிண்டுங்கக்கா."

"இல்லை, நீங்களே கிண்டுங்கோ."

"உப்பு போட்டாச்சா?"

"பாத்துப் போடுங்கோ."

அம்புட்டுத்தான் பேச்சு. முதல்முறையாகக் கஞ்சி கட்டி தட்டாமல் வந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு கேலியும் செய்யவில்லை. குடித்த வியாபாரிகள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

கடைசி நாள் காலையில், போகும் வழியில் தங்கச்சி வீட்டில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாமா என்று அக்கா என்னிடம் கேட்டார். விமானத்துக்கு நேரமாகிவிடும் என்றேன். நேரம் நிறைய இருந்தது.

அவர் போய் இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நடக்கவில்லை. முதல் வாரம் அங்கே ஒரு சாவு வீடு. இரண்டாவது வாரம் இங்கே தலைவலி. ஒருங்கிணைப்பாளர் கவலைப்பட ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் குழுத் தலைவி பொடி மாதிரிகளைக் கொடுக்க அலுவலகம் வந்தார். நான் என் மேசையில் இருந்தேன். கீழே கிளினிக்கில் பல்லைத் துளைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது அவர் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னார்: "அடுத்தவாட்டி அக்கா வாரதுக்குள்ள பட்டாவ எம் பேருக்கு மாத்திருவேன் மேடம். தாலுகா ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"பட்டா எதுக்கு?"

"போலீஸ்ல பதியணும்ல மேடம். பட்டா இல்லாமத்தான போன தடவை முடியாமப் போச்சு?"

"யாரு சொன்னா? அது ஆன்லைன்ல பதியுறது. அட்ரஸ் மட்டும் போதும். நான் உங்க வீட்டு அட்ரஸைப் போட்டு முன்னாடியே பதிஞ்சுட்டேனே. நீங்கதான் வீட்ல சௌகரியப்படாதுன்னு..."

அவர் பாதியில் நிறுத்திவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"சார்?" என்றார் குழுத் தலைவி.

நான் என் குறிப்பேட்டை மூடிவைத்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் போனேன். கிளினிக் வாசலில், காத்திருந்த நோயாளிகளின் செருப்புகளுக்கு நடுவே நின்று, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றேன். சித்தப்பா மகன் சொன்னதையும் சொன்னேன். பாதிப் பழியையாவது அவன் மேல் போடலாம் என்ற எண்ணம் அப்போதும் இருந்தது.

"அவரு சொல்லுவாரு சார். அவரு சொல்லலேன்னாத்தான் ஆச்சரியம்" என்றார். "உங்களையும் எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கீங்க? ஒவ்வொரு தடவையும் தண்ணிப் பாட்டிலோட. டாக்டர் சொல்லிருக்காருன்னு சொன்னீங்க. இதே தெருவுல டீக்கடைல நின்னு குடிக்கிறதையும் பாத்திருக்கேன். சரி, வயசானவரு, பழக்கம், விடு, அக்கா வரட்டும், எல்லாம் தன்னால மாறும்னு நெனச்சேன்."

"என்னை மன்னிச்சிரும்மா."

"எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப் போகுது? எனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. பரவைல, அம்புட்டுப் பேரு உக்காந்திருந்தாங்கள்ல, அவங்க முன்னாடி சொல்லுங்க. நான்தான் அந்தம்மாவை அங்க தங்கவிடலன்னு சொல்லுங்க. சொல்லிட்டு எனக்குத் தகவல் குடுங்க. அப்புறம் குழுவைக் கூட்டி யோசிக்கிறேன்."

குரல் உயரவே இல்லை. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார்.

ஒருங்கிணைப்பாளர் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்திருந்தார்கள். கிடங்கு சந்தைக்காரர்களுடையது, சந்தைக்காரர்கள் ஊர்த் தெருக்காரர்கள். அங்கே போய்த் தினமும் நிற்க எங்களால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. அந்த நேரம் பார்த்து, எங்கள் தெருப் பெண்களை வைத்து ஒரு குழு ஆரம்பிக்கிறேன் என்று சித்தப்பா மகனின் மனைவி முன்வந்தார். முருங்கை எங்கள் தோட்டத்திலும் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். அன்று அவர் என் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சார், வெளியீட்டு விழாவுக்குச் சந்தைக்காரங்க எல்லாரும் வருவாங்க. குழுத் தலைவி கேட்டதை நீங்க அங்க சொல்லிட்டீங்கன்னா, அவங்களைத் திரும்பக் கூப்பிட எனக்கு ஒரு முகம் இருக்கும்." சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்.

விழா பசுமலையில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்தது. திரையில் கிளிநொச்சி அக்கா. நெட்வொர்க் சரியில்லாமல் முகம் அடிக்கடி உறைந்து நின்றது. முன்வரிசையில் சித்தப்பா மகன், சங்கத்தார், பட்டுப்புடவையில் எங்கள் வீட்டுப் பெண்கள். என் மனைவியின் தம்பிகூட வந்திருந்தான். என்னை மேடைக்கு அழைத்தார்கள். மைக்கைப் பிடித்தேன். முன்வரிசையில் சித்தப்பா மகன், அண்ணன் பேசப் போகிறார் என்ற பெருமையோடு பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடல் கடந்த சிறு வணிகத்தின் நன்மைகள் பற்றி நான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன். கீழே இறங்கியபோது ஒருங்கிணைப்பாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் ஆறு மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அவர் என்னிடம் வேலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகு கிளிநொச்சி அக்காவுக்கு நானே போன் செய்தேன். தனியாக, யாரும் பார்க்காத இடத்தில், என்னால் எல்லாம் சொல்ல முடிந்தது. பட்டா, போலீஸ், அசௌகரியம் மூன்றும் என் பொய் என்றேன். வெள்ளையடித்த அறையைப் பற்றியும், அவர் உயரத்துக்குச் சுவரில் பதித்த கம்பியைப் பற்றியும் சொன்னேன்.

"எனக்காகவோ?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

பிறகு, "அதுக்குத்தானா என்ர உயரத்தைக் கேட்டவ. சட்டை ஏதும் தைக்கப் போறா எண்டு நினைச்சனான்" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது. "ஐயா, நான் அவவைப் பிழையா நினைச்சிட்டன். அங்க இருந்த நாலு நாளும் அவவின்ர முகத்தைச் சரியாப் பாக்கேல்ல."

இந்த ஏற்பாட்டிலிருந்து விலகிக்கொள்ளப் போகிறீர்களா என்று கேட்டேன். "எப்பிடி ஐயா விலகிறது? என்ர சங்கத்துப் பொம்பிளையள் இந்த வருசம் மா வித்தாகோணும். உங்கட ஆக்களோடதான் விக்க வேணும் எண்டா, வித்துத்தான் ஆகோணும்" என்றார். அதற்கு முன்பெல்லாம் என்னை சேர் என்றவர், அன்று முழுவதும் ஐயா என்றே சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். தங்கச்சியோடு கதைத்தாராம். "போனை எடுத்தவ. நல்லாத்தான் கதைச்சவ. 'அதெல்லாம் விடுங்கக்கா, உங்க மேல ஒண்ணுமில்ல' எண்டு சொன்னவ. கால் நோவு எப்பிடி எண்டும் கேட்டவ. அதுக்குப் பிறகு நான் கூப்பிட்டா எடுக்கிறா இல்லை." நான் போய்ச் சொல்லிப் பார்க்கவா என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா" என்றார்.

கஞ்சி மாவு நன்றாக விற்கிறது. பெட்டியில் இரண்டு ஊர்ப் பெயரும் இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பெயர் எங்கள் ஊர்தான் என்பதால் அதை மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. குழுத் தலைவியின் பெண்கள் இப்போது இலையைப் பொடியாக்குவதில்லை. வாரம் ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து வரும் வண்டிக்கு அப்படியே பச்சையாகக் கொடுத்துவிடுகிறார்கள். போன மாதம் ஊரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவர் இலைக்கட்டைத் தலையில் வைத்து எதிரே வந்தார். "நல்லாருக்கீங்களா சார்?" என்று கேட்டார். நல்லாயிருக்கேன் என்றேன். கொஞ்சம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாரோ, கட்டைச் சரிசெய்ய நின்றாரோ, தெரியவில்லை. பிறகு வண்டி நின்ற பக்கம் போய்விட்டார்.

பொங்கல் கழிந்து பரவைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தலைமை தாங்க வேண்டும் என்று சித்தப்பா மகன் வந்து கேட்டிருக்கிறான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதே ஆட்கள் அங்கே இருப்பார்கள். சொல்ல வேண்டியது இரண்டு வரிதான். இங்கே இவ்வளவு எழுத முடிந்த எனக்கு, அங்கே அந்த இரண்டு வரி வாயில் வருமா என்று கேட்டால், வரும் என்று சொல்லும் தைரியம் இன்னும் வரவில்லை.